இருநூற்றுப் பன்னிரண்டாவது சீட்டு

போன ஞாயிற்றுக்கிழமை ரேவதி குன்றத்தூரில் என் வீட்டுக்கு வந்திருந்தாள். ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் முதலுதவி அறையில் நான் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நல்ல பெண். என்னை மாதிரி எரிந்து விழமாட்டாள்.

"சிஸ்டர், வெள்ளிக்கிழமை கிட்னி டாக்டர் புரோகிராமை நிறுத்திட்டாங்க. இனிமே போன்ல ஒரு ஆப்புதான். கேள்வியை டைப் பண்ணா அதுவே பதில் சொல்லிடும்" என்று தன் எம்ப்ளாயி நம்பரைப் போட்டுத் திறந்தும் காட்டினாள். "அதுக்குப் பழைய கேள்வி பதில் எல்லாம் வேணுமாம், அதைப் படிச்சுத்தான் கத்துக்குமாம். நீங்க பதில் எழுதி வச்ச நோட்டு உங்ககிட்டதானே கீது?"

என்னிடம்தான் இருக்கிறது. பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில். ஓய்வு பெறும்போது ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைக்காமல் எடுத்து வந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது அதைப் படித்து ஒரு இயந்திரம் கற்றுக்கொள்ளப் போகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். இதில் வரும் பையன்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிறந்தது வடக்குப்பட்டு. நர்சிங் படித்தது, காஞ்சிபுரத்தில் ஒரு நர்சிங் ஹோமில் இரவும் பகலும் ஓடியது, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். அப்புறம் நாங்கள் வேர்க்கடலை போட்ட பக்கமெல்லாம் கம்பெனி வந்தது. கம்பெனி என்றால் முதலுதவி அறை வேண்டும், அறை என்றால் ஒரு சிஸ்டர் வேண்டும். அவ்வளவுதான் என் பயோடேட்டா.

அந்த அறையில் நான் கறாராக வைத்திருந்த வேலை வருடாந்தர மெடிக்கல் செக்கப். டிரெய்னி பையன்களுக்கும் பெண்களுக்கும் அதுதான் கண்டம். அதில் ஏதாவது இடறினால் பர்மனென்ட் லிஸ்டில் பெயர் வராது என்று ஒரு பயம். ரத்தத்தில் யாரும் ஏமாற்ற முடியாது, ஊசி கையில்தான் குத்தும். மூத்திரம் அப்படியில்லை. அதனால் நான் ஒரு முறை வைத்திருந்தேன். பேர் எழுதிய டப்பாவை என் கையால் கொடுப்பேன். பாத்ரூமில் குழாயை மூடிவைப்பேன், தண்ணீர் கலக்க முடியாது. சட்டைப் பையில் வேறு பாட்டில் இருக்கிறதா என்று வாட்ச்மேன் தடவிப் பார்ப்பார். வெளியே வந்ததும் கையுறை போட்ட விரலால் டப்பாவைத் தொட்டுப் பார்ப்பேன். அப்போதுதான் வந்தது என்றால் வெதுவெதுப்பாக இருக்கும். ஆறிப்போயிருந்தால், "இன்னாப்பா, இது எந்த ஃபிரிட்ஜில இருந்து வந்துச்சு?" என்பேன். பையன்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு டப்பா வாங்கிப் போவார்கள்.

ஒரு வருஷம் புரொடக்‌ஷனில் இருந்து புகார் வந்தது. ஆள் ஆளுக்குப் பத்து நிமிஷம் லைனை விட்டு நகர்ந்தால் லைன் நிற்கிறதாம். எச்.ஆர். மேனேஜர் மரியாதையான மனிதர். உட்கார வைத்துத்தான் எதையும் சொல்வார். "சிஸ்டர், டப்பாவை முந்தின நாளே கொடுத்துடலாமே. காலைல ரூம்லேருந்தே எடுத்துட்டு வரட்டும். காலைல முதல் யூரின்தான் பெஸ்ட்டுன்னு லேப்லயே சொல்றாங்க." லேபில் சொல்வது உண்மைதான். எனக்கும் வேலை மிச்சம். சரி என்றேன். என் பதினெட்டு வருஷத்தில் அவ்வளவு லேசாக நான் தலையாட்டியது அந்த ஒரு தடவைதான்.

இனி வெள்ளிக்கிழமை. வாரம் ஒருமுறை, ஷிப்ட் மாறுகிற நேரத்தில், கேன்டீன் டிவியில் ஒரு கிட்னி டாக்டர் சென்னையிலிருந்து வருவார். பையன்கள் அவருக்கு டிவி டாக்டர் என்று பேர் வைத்திருந்தார்கள். நாற்பது நிமிஷம். கேள்விகளைச் சீட்டில் எழுதி கேன்டீன் வாசலில் இருக்கும் பெட்டியில் போடலாம். பேர் எழுத வேண்டாம். யார் வேண்டுமானாலும் போடலாம். நான் ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நம்பர் போட்டு, பத்துப் பன்னிரண்டைப் பொறுக்கி, டாக்டருக்குப் படித்துக் காட்டுவேன்.

பீர் குடித்தால் கல் கரையுமா என்று வாரம் தவறாமல் ஒருவன் கேட்பான். "கரையுது தம்பி, உன் சம்பளம்" என்பார் டாக்டர், முகத்தில் சிரிப்பே இல்லாமல். முதுகு வலித்தால் கிட்னி போச்சா, வாழைத்தண்டு ஜூஸ் தினம் குடிக்கலாமா, ஜிம்மில் தரும் பவுடர் நல்லதா, லைனை விட்டுப் போக முடியாமல் ஒன்றுக்கை அடக்குகிறேன், அது தப்பா. இந்தக் கடைசிக் கேள்வி பெண் பிள்ளைகளுடையது. இதற்கு மட்டும் அவர் கூட்டத்திடம் பேசாமல் என்னிடம், "சிஸ்டர், இதுக்குப் பதில் சொல்ல வேண்டியது நான் இல்லை, உங்க சூப்பர்வைசர்" என்றார். மறுவாரம் முதல் லைனுக்கு ஒரு மாற்று ஆள் போட்டார்கள்.

அவர் பின்னால் எங்கோ மெஷின் ஒன்று கீ கீ என்று கத்திக்கொண்டே இருக்கும். டயாலிசிஸ் வார்டு பக்கத்து அறையாம். சீட்டைப் படித்ததும் உடனே பதில் சொல்லமாட்டார். "இன்னொரு தடவை படிங்க" என்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூன்று கேள்வி கேட்பார். எத்தனை நாளா? வேற என்ன மாத்திரை சாப்பிடுறார்? பிரஷர் பார்த்தாரா? சீட்டா பதில் சொல்லும்? "அப்போ எழுதினவரை வந்து பிரஷர் பார்த்துக்கச் சொல்லுங்க, பார்த்துட்டு அடுத்த வாரம் பேசுவோம்" என்று அடுத்ததற்குப் போய்விடுவார். எனக்குக் கடுப்பாக இருக்கும். ஒரு தடவை, "பயப்படாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா டாக்டர்? பசங்க பாவம்" என்றேன். "பயப்படணுமா வேண்டாமான்னு பார்த்துட்டுத்தான் சிஸ்டர் சொல்லணும்" என்றார்.

நான் அப்படி இல்லை. மிஞ்சிய சீட்டுகளைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்பு மையில் நானே பதில் எழுதி, முதலுதவி அறை முத்திரை குத்தி, வாசல் போர்டில் கேள்வி தெரியக் குத்திவைப்பேன். எழுதியவன் ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுத்துப்போவான். அதன் நகல் என் நோட்டில் இருக்கும். பையன்கள் தங்களுக்குள், "டிவி டாக்டர் பயமுறுத்துவாரு, சிஸ்டர் சீட்டு தெம்பு குடுக்கும்" என்று பேசிக்கொள்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

மார்கழி மாதம் செக்கப் நடந்தது. நான்கு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. அதில் ஆறு டிரெய்னி பையன்களுக்கு மூத்திரத்தில் புரதம் மூன்று பிளஸ், கூடவே ரத்த அணுக்கள். ஆறு பேரும் ஒரே ரூம். வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்த தெக்கத்திப் பையன்கள். எல்லோருக்கும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயசு.

கம்பெனியே கலங்கிவிட்டது. கேன்டீன் தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது என்று ஒரு பேச்சு. பெயின்ட் ஷாப் புகை என்று ஒரு பேச்சு. எச்.ஆர். மேனேஜர் முகம் வெளுத்து என் அறைக்கு வந்து, அன்றைக்குத்தான் முதல்முறையாக உட்காராமல் பேசினார். "ஆறு பேரையும் லைனை விட்டு எடுத்தாச்சு. டிவி டாக்டருக்கு ரிப்போர்ட் அனுப்புங்க. நம்ம கம்பெனி காரணம் இல்லைன்னு எழுத்துல வாங்குங்க."

மத்தியானம் டாக்டரை வீடியோவில் பிடித்தேன். ரிப்போர்ட்டுகளை அவர் முன்பே அச்செடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பியிருந்தார். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. ஒரு காகிதத்தை எடுப்பார், பக்கத்துக் காகிதத்தின் மேல் வைப்பார், மறுபடி எடுப்பார். பின்னால் மெஷின் கத்துவது மட்டும் கேட்டது.

"ஆறு பேருக்கும் பிரஷர் யார் பார்த்தது?"

"நான்தான் டாக்டர். எல்லாருக்கும் நார்மல்."

"ரத்தம்?"

"அதுவும் நார்மல். கிரியாட்டினின் எல்லாம் ஒண்ணுக்குக் கீழேதான்."

"கால் வீக்கம், முகம் வீக்கம்?"

"கல்லு மாதிரி கீறானுங்க டாக்டர் ஒவ்வொருத்தனும்."

அவர் காகிதங்களை ஒன்றாக அடுக்கினார். "சிஸ்டர், இது ஆறு பேரோட மூத்திரம் இல்லை. ஒரே ஆளோடது. அடர்த்தி, புரதம், அணுக்களோட எண்ணிக்கை, எல்லாம் அச்சு மாறாம இருக்கு. ஆறு டப்பாவையும் ஒருத்தர் நிரப்பியிருக்கார். இந்தப் பசங்களுக்கு ஒண்ணுமில்லை. அந்த ஏழாவது ஆள் எங்கே?"

டப்பாவை முந்தின நாளே கொடுத்தது, விரலால் தொட்டுப் பார்க்காமல் வாங்கிப் பெட்டியில் அடுக்கியது, எல்லாம் கண்முன் வந்தது.

"அவரைச் சீக்கிரம் கண்டுபிடிங்க" என்றார் டாக்டர். "இவ்வளவு புரதமும் ரத்தமும் சேர்ந்து போகுதுன்னா அவரோட கிட்னி இந்த நிமிஷமே கெட்டுக்கிட்டிருக்கு. அவருக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தா ஆறு பேருக்கு இரவல் கொடுத்திருக்கமாட்டார்."

பையன்களைக் கூப்பிட்டேன். ஆறு பேரும் வரிசையாக நின்று, எங்களுடையதுதான் சிஸ்டர் என்று ஒரே குரலில் சாதித்தார்கள். மறுபடி டப்பா கொடுத்து, என் கண்முன்னால், பழைய முறைப்படி வாங்கினேன். வெதுவெதுப்பாக ஆறு டப்பா. ஆறும் நார்மல். எச்.ஆர். மேனேஜருக்கு உயிர் வந்தது. "லேப் மிஸ்டேக்" என்று முடிவு கட்டி, லேப்காரரைத் திட்டி ஒரு மெயில் போட்டார். கூடவே, எதற்கும் இருக்கட்டும் என்று, டப்பா மாற்றியது யார் என்று தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு எச்சரிக்கை. நோட்டீஸைப் படித்த பிறகு எந்தப் பையன் வாயைத் திறப்பான்? லேப்காரர் மேல் விழுந்த பழியைத் துடைக்க நானும் வாயைத் திறக்கவில்லை. அதை இன்றைக்காவது சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. டாக்டர் திரையில் வந்ததும், "இன்னிக்கு நான் கேள்வி எடுக்கப் போறதில்லை, சிஸ்டர் சீட்டை எல்லாம் உள்ளே வைங்க" என்றார். கேமராவுக்குக் கிட்டே வந்து உட்கார்ந்தார். கேன்டீனில் தட்டுச் சத்தம் அடங்கியது.

"உங்கள்ல ஆறு பேருக்கு ஒருத்தர் உதவி பண்ணியிருக்கார். அவர் யாருன்னு எனக்குத் தெரியவேண்டாம், கம்பெனிக்கும் தெரியவேண்டாம். ஆனா அவரைத் தெரிஞ்சவங்க இங்கே இருக்கீங்க. அவர் மூத்திரத்துல நுரை நிக்கும். கால் வீங்கும். காலைல தலை வலிக்கும். அவர் அதுக்கெல்லாம் வேற ஏதோ காரணம் சொல்லிக்கிட்டிருப்பார். நீங்களும் நம்பியிருப்பீங்க. அவரைக் கூட்டிட்டு வந்து சிஸ்டர்கிட்ட பிரஷர் பாருங்க. இன்னும் ஒரு மாசம் விட்டீங்கன்னா, எனக்குப் பின்னாடி கத்துதே, அந்த மெஷின்லதான் அவரை நான் பார்ப்பேன்."

நாற்பது நிமிஷத்தில் அவர் பேசியது இவ்வளவுதான்.

மறுநாள் சனிக்கிழமை, காலை ஷிப்ட் ஆரம்பித்து அரைமணி ஆகியிருக்கும். அந்த ஆறு பேரில் ஒருவன், இசக்கி என்று வைத்துக்கொள்ளுங்கள், சங்கரன்கோவில் பக்கத்துப் பையன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"இன்னாடா, தலவலியா? உன் மூஞ்சியப் பாத்தா தலவலி மாதிரி தெரியலியே" என்றேன்.

"ஒரு சந்தேகம் சிஸ்டர். எனக்கில்ல. ஃபிரெண்டுக்கு."

எல்லோரும் ஃபிரெண்டுக்குத்தான் கேட்பார்கள். ஆனால் இவன் கண் கலங்கியிருந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன்.

"வேலைய விட்டுத் தூக்கிருவாவளா சிஸ்டர்?"

"உன் பேரை நான் எங்கயும் எழுத மாட்டேன். என் பிள்ளைங்க மேல சத்தியம். ஆள் யாருன்னு சொல்லு."

அழுதுகொண்டே சொன்னான். டப்பா கொடுத்த நாளுக்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. எவனுக்கோ பிறந்தநாள். ஆறு பேரும் குடித்திருக்கிறார்கள். குடித்தால் மூன்று நாளைக்கு மூத்திரத்தில் காட்டும், பர்மனென்ட் லிஸ்டில் இருந்து தூக்கிவிடுவார்கள் என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி வந்திருக்கிறது. எங்கள் செக்கப்பில் குடி கண்டுபிடிக்கிற டெஸ்ட்டே கிடையாது. அதை ஒருத்தன் என்னிடம் கேட்டிருந்தால் முடிந்துபோயிருக்கும்.

"எங்க ரூம்ல முனியசாமி அண்ணன் இருக்காருல்லா, மாலை போட்டிருக்காரு. குடிக்க மாட்டாரு, கவுச்சி தொட மாட்டாரு, ஒரு நேரந்தான் சாப்பாடு. எங்க ரூம்லயே சுத்தமான ஆளு அவருதான் சிஸ்டர். அவரு ஒண்ணுக்கு சுத்தமா இருக்கும்னு... விடியக்காலம் அவரு குளிக்கப் போகுமுன்ன ஆறு டப்பாவையும் குடுத்தோம். சிரிச்சிக்கிட்டே வாங்குனாரு."

முனியசாமியை எனக்குத் தெரியும் என்று நினைத்தேன், முகம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவன் எங்கள் கம்பெனியில்தான் வேலை பார்த்தான், ஆனால் கான்ட்ராக்ட் ஆள். ஸ்டோர்ஸில் லோடு ஏற்றி இறக்குகிறவன். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் செக்கப் கிடையாது. அது கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்ள வேண்டியது, கான்ட்ராக்டர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். அவர்கள் என்னிடம் மாத்திரைக்கு வந்தால் ரெஜிஸ்டரில் பேர் எழுதுகிற வழக்கமும் கிடையாது. 'கான்ட்ராக்ட், ஒன்று' என்றுதான் எழுதுவோம். இசக்கி சொன்னான்: "தலவலிக்கு உங்ககிட்டதான் சிஸ்டர் வந்து வந்து மாத்திரை வாங்குவாரு." நான் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம், 'தலைவலி, உடம்பு வலி, கான்ட்ராக்ட், ஒன்று.' 'கான்ட்ராக்ட், ஒன்று.' அத்தனையும் ஒரே ஆளா, பத்துப் பேரா, அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. எழுதியது என் கை. வலி மாத்திரை எடுத்துக் கொடுத்ததும் அதே கை. கிட்னி கெட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்த மாத்திரை எவ்வளவு ஆகாது என்பதை டாக்டர் வாரந்தோறும் கேன்டீனில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஒரு கம்பெனி ஆறு பேருக்குச் செலவு செய்து செக்கப் பண்ணியது. செக்கப் ஆனது, செக்கப் கிடையாது என்று ஒதுக்கி வைத்த ஏழாவது ஆளுக்கு. எனக்கு அப்போது ஆத்திரமா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை.

"எங்கடா அந்தாளு இப்ப?"

"இன்னிக்கு இருமுடி கட்டு சிஸ்டர். வல்லக்கோட்டைல குருசாமி வீட்டுல. மத்தியானம் வேன் கிளம்புது, மலைக்கு."

பிரஷர் மெஷினைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. இசக்கி பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, என் வயசுக்கு அந்த வேகம் அடுக்காது என்று திட்டிக்கொண்டே போனேன்.

குருசாமி வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. வேனுக்கு வாழைக்கன்று கட்டி மாலை போட்டிருந்தார்கள். உள்ளே பத்துப் பதினைந்து சாமிமார்கள், சரண கோஷம், நெய் வாசனை. முனியசாமி கறுப்பு வேட்டியும் தாடியுமாக, தன் முறைக்குக் காத்து ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். முதுகுளத்தூர்க்காரன், முப்பது வயசு இருக்கும். என்னைப் பார்த்ததும், "வாங்க சாமி" என்று எழுந்தான். எழும்போது தடுமாறினான்.

"கையை நீட்டுங்க சாமி."

சிரித்துக்கொண்டே நீட்டினான். மெஷின் இருநூறைத் தாண்டியபோது நான் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மற்றக் கையில் போட்டேன். இருநூற்றுப் பத்து, கீழே நூற்று முப்பது. காலைக் காட்டச் சொன்னேன். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அப்படியே இருந்தது.

"வெறுங்கால்ல நடக்குறமில்ல, அதான் வீக்கம்" என்றான். தலைவலியாம், விடிகாலைப் பச்சைத்தண்ணீர்க் குளியலாம். மூச்சு வாங்குகிறதாம், ஒரு வேளைச் சாப்பாடாம். முகம் உப்பியிருப்பது தாடியில் தெரியவில்லை. நோயின் அடையாளம் ஒவ்வொன்றுக்கும் அவனிடம் விரதத்தில் ஒரு காரணம் இருந்தது. டாக்டர் வெள்ளிக்கிழமை சொன்னது வார்த்தைக்கு வார்த்தை அதுதான்.

"சாமி, மலை ஏறக்கூடாது. இப்பவே ஆஸ்பத்திரி" என்றேன். குரலை அடக்கத் தெரியவில்லை எனக்கு, கோஷம் நின்றுவிட்டது.

அவன் சிரிப்பு மாறியது. ஆனால் பயப்படவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர். நான் முன்னாடியே கேட்டுட்டேன். நீங்கதான எழுதிக் குடுத்தீக" என்று செல்போன் உறையைப் பிரித்தான். ஐயப்பன் படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு சீட்டு. விரித்து என் கையில் கொடுத்தான்.

மேலே பென்சில் எழுத்து: 'சாமி சரணம். மாலை போட்டு ஒரு வாரம் ஆச்சு. ஒண்ணுக்கு போனா நுரை நிக்கிது. காலைல தலைவலி. விரதத்தாலயா?' ஓரத்தில் நம்பர் 212. கீழே சிவப்பு மையில், குண்டு குண்டாக, எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் படிக்கிற மாதிரி என் கையெழுத்து: 'விரதத்தால் வருவதுதான். நிறையத் தண்ணீர் குடிக்கவும். பயப்பட வேண்டாம்.' அதன்மேல் முதலுதவி அறை முத்திரை.

தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதை எழுதி ஐந்து வாரம். அந்த ஐந்து வாரமும் இந்த மனிதன் வீங்கிய காலோடு, நான் சொன்னேன் என்று குடம் குடமாகத் தண்ணீர் குடித்திருக்கிறான். பயப்படாமல் இருந்திருக்கிறான்.

"இதை என்கிட்ட குடுத்துடுப்பா" என்றேன். கிழித்துப்போட வேண்டும் என்று கை பரபரத்தது. அது மனசாட்சியா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

அவன் சீட்டைத் திரும்ப வாங்கி மடித்துக்கொண்டான். "வேணாம் சிஸ்டர், இருக்கட்டும். ஆறு வருசத்துல இந்தக் கம்பெனி எனக்குன்னு சீல் வச்சுக் குடுத்த ஒரே காயிதம் இதுதான்."

குருசாமிதான் பேசினார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், நிதானமானவர். முனியசாமியின் நெய்த்தேங்காயை எடுத்துத் தன் இருமுடியில் வைத்தார். "உங்க நெய்யை நான் கொண்டுபோய் அபிஷேகம் பண்றேன் சாமி. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் இந்த வருஷம் மலை" என்றார். பிறகு டிரைவரிடம், "வண்டி முதல்ல சென்னைக்குப் போகட்டும்" என்றார். வாழைக்கன்று கட்டிய வேன், சபரிமலைக்குத் தெற்கே போக வேண்டியது, சாமிமார்களோடு வடக்கே திரும்பியது. கம்பெனி ஆம்புலன்ஸ் கான்ட்ராக்ட் ஆளுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். கேட்டுப் பார்க்கவும் இல்லை.

டிவி டாக்டர் சொல்லிவைத்து அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிட்னியிலிருந்து ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். பாதிக்கு மேல் தழும்பாகியிருந்தது. மீதியைக் காப்பாற்ற வாழ்நாளெல்லாம் மாத்திரை. இன்றுவரை அவன் டயாலிசிஸ் மெஷினுக்குப் போகவில்லை. லோடு தூக்க முடியாது என்றதும் கான்ட்ராக்டர் மறுமாதமே வேறு ஆள் போட்டுக்கொண்டார். இப்போது ஒரு குடோனில் கேட் பார்க்கிறான். பர்மனென்ட் ஆன ஆறு பேரில் மாதம் ஒருவன் லீவு போட்டு அவனோடு ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறான். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை என்று இசக்கி சொல்கிறான்.

அந்த வாரமே நான் டப்பாவைப் பழைய முறைக்கு மாற்றினேன். லைன் நின்றால் நிற்கட்டும் என்றேன். கான்ட்ராக்ட் ஆட்களின் பேரையும் ரெஜிஸ்டரில் எழுத ஆரம்பித்தேன். போர்டில் சீட்டுக் குத்துவதை நிறுத்திவிட்டேன். சீட்டுக்கு என்ன ஆச்சு என்று பையன்கள் கேட்டார்கள். டாக்டரையே கேளுங்கடா என்று எரிந்து விழுந்தேன்.

ஒரே ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு மாதம் கழித்து, வெள்ளிக்கிழமை புரோகிராம் முடிந்து எல்லோரும் போன பிறகு, திரையில் டாக்டரிடம் சீட்டு விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. முழுக்கக் கேட்டார்.

"அந்த அஞ்சு வாரம் முன்னாடியே வந்திருந்தா ஏதாவது மிஞ்சியிருக்குமா டாக்டர்?"

விடுங்க சிஸ்டர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாக எதிர்பார்த்தேன்.

"ஆமா சிஸ்டர்" என்றார். "கொஞ்சம் மிஞ்சியிருக்கும்."

ரேவதி, நோட்டை நாளைக்கு வந்து வாங்கிக்கொள். 212 இருக்கும் பக்கத்தை நான் கிழிக்கவில்லை. என் பதிலை அடித்துவிட்டு, பக்கத்தில் டாக்டரின் மூன்று கேள்விகளையும் எழுதியிருக்கிறேன். அந்த ஆப்பு கற்றுக்கொள்வதானால் முதலில் அதைக் கற்றுக்கொள்ளட்டும். மற்றப் பக்கங்களில் இன்னும் எத்தனை 'பயப்பட வேண்டாம்' எழுதியிருக்கிறேன் என்று இந்த வாரம் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். கண்ணில் பட்டதையெல்லாம் அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்றைக்கு அதைத் திறக்க உன் எம்ப்ளாயி நம்பரைப் போட்டாயே. கான்ட்ராக்ட் ஆட்களுக்கு அந்த நம்பர் ஏது? நான் வைத்திருந்த பெட்டி நம்பர் கேட்காது, பேரும் கேட்காது. அதனால்தான் முனியசாமியால் கேட்கவாவது முடிந்தது. நான் சொன்னது தப்பான பதில்தான். உங்கள் ஆப்பில் அவன் உள்ளேயே வர முடியாது. அந்தப் பெட்டியைக் கேன்டீன் வாசலில் இருந்து எடுத்துவிட்டார்களா? எடுத்திருந்தால், எங்கே போட்டார்கள் என்று தேடிப்பார். உள்ளே சீட்டு ஏதாவது கிடக்கப் போகிறது.